டிரம்ஸ் வாசிப்பு, இசையமைப்பு, கற்பித்தல்: மூன்றையும் ஒருவரே செய்ய முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் சில வருடங்களாகக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்துச் சம்பாதிக்கிறார், நல்ல வாய்ப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. சொந்தமாக இசை எழுதவும் ஆசை. ஓரிருவர் "எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று வரத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றிலும் கால் வைத்தால் எதிலும் தேறாமல் போய்விடுவோமா, ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, இதற்கெல்லாம் இசைக் கல்லூரிப் பட்டம் அவசியமா என்று கேட்கிறார்.

மூன்றையும் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். ஒன்று கைவிட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காகச் சொல்லவில்லை. டிரம்ஸ் வாசிப்புக்குக் கிடைப்பது அன்றன்றைய ஊதியம். வாசித்த அன்றைக்குப் பணம் வரும், மணிக்கட்டு வீங்கிப் படுத்த அன்றைக்கு வராது. நீங்கள் எழுதிய இசை உங்கள் பெயரிலேயே இருக்கும். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், உங்கள் கை இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது உங்களுக்கே அப்போதுதான் புரியும். மூன்றும் ஒன்றுக்கொன்று தீனி போடுபவை. ஆனால் வேர் வாசிப்புதான். அது உறுதிப்படாமல் மற்ற இரண்டும் நிற்காது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு டிரம்மரை மறுபடி மறுபடி கூப்பிடுவதற்குக் காரணம் அவருடைய வேகம் என்று வெளியில் நினைக்கிறார்கள். கூடவே வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் காலப்பிரமாணத்தைத்தான் சொல்வார்கள். பாட்டு ஆரம்பித்த இடத்தில் இருந்த வேகம் முடிகிற இடத்திலும் இருக்க வேண்டும். அடுத்ததாகச் சத்தத்தின் அளவு. ஹை-ஹாட்டை, அதாவது காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பலை, ஓங்கி அடித்து, முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மை மெல்ல வாசிப்பவரின் பதிவைச் சரிசெய்ய ஒலிப்பதிவாளர் படாத பாடு படுவார். ஸ்னேர் மைக்குக்குள் ஹை-ஹாட்டின் சத்தம் புகுந்துவிட்டால், ஸ்னேரை ஏற்றும்போதெல்லாம் அதுவும் சேர்ந்தே ஏறும். கருவிகளின் சத்தத்தை ஒன்றோடொன்று சமன்செய்யும் வேலையைக் கையும் காலுமே செய்து கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரிவது. பாட்டின் குறிப்புத் தாள்களான சார்ட்டுகளில் பெரும்பாலும் டிரம்ஸுக்கு முழுதாக எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே நிறுத்தம், எங்கே எல்லோரும் சேர்ந்து அடிக்கிறார்கள் என்பது மட்டும் இருக்கும். மிச்சத்தை நீங்கள் நிரப்ப வேண்டும், அதுவும் முதல் டேக்கிலேயே, அதாவது முதல் தடவை பதிவு செய்யும்போதே.

1980-ல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 டிரம் மெஷின் வந்தது. நிஜ டிரம்ஸின் ஒலியையே பதிந்துவைத்து, சொன்ன வேகத்தில் பிசகாமல் வாசித்தது. அதற்குப் பிறகு, பிசகாமல் வாசிப்பது மட்டுமே ஒருவருடைய தகுதி என்றால் அந்த வேலை இயந்திரத்துக்குப் போய்விடும் என்று ஆகிவிட்டது. மனிதர்களிடம் மிஞ்சியது கேட்கும் திறமை. பாடகர் மூச்சு வாங்க இடம் எடுக்கும்போது ஃபில்லை (வரிகளுக்கு இடையே நிரப்பி வாசிப்பது) குறைத்துக்கொள்வது, பேஸ் கிடார்காரர் ஒரு சுரத்தை இழுத்தால் காலால் அடிக்கும் பேஸ் டிரம்மைக் கொஞ்சம் அடக்குவது எல்லாம் இதில் சேரும்.

இந்தக் கேட்கும் பழக்கத்தைப் பயிற்சியாகவே ஆக்கியவர் ஆலன் டாசன். 1957 முதல் 1975 வரை பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் கற்பித்தார். கைப் பயிற்சி வாசிக்கும்போதே பாட்டின் மெட்டை வாய்விட்டுப் பாட வேண்டும் என்பது அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் நினைவுகூரும் விஷயம். எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள். முதல் நாளில் பாட்டு நிற்கும், இல்லாவிட்டால் கை நிற்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கிய பிறகு, பாட்டில் நீங்கள் இருக்கும் இடம் எண்ணாமலே தெரியும். எட்டு பார் முடிந்ததா என்று யோசிக்கத் தேவையிருக்காது. வாசிப்பிலிருந்து இசையமைப்புக்குப் போகும் வழியும் இதுதான் என்பது என் எண்ணம். மெட்டைப் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு ஒரு நாள் தன் சொந்த மெட்டு வாயில் வந்துவிடும்.

டாசனிடம் சிறுவனாகப் படித்த டோனி வில்லியம்ஸ் 1963-ல், 17 வயதில், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். ஜாஸ் டிரம்ஸின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர். புகழெல்லாம் வந்த பிறகு, 1980களில், இசையமைப்பைத் தனியாக ஒரு ஆசிரியரிடம் உட்கார்ந்து படித்தார். அதற்கப்புறம் ஐவர் குழு ஒன்றை நடத்தி, பெரும்பாலும் தான் எழுதியவற்றையே வாசித்தார். நீங்கள் இப்போதே "தாமதமாகிவிட்டதோ" என்று பயப்படுகிறீர்கள் என்றால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மர் இசை எழுதும்போது ஒரு அனுகூலமும் ஒரு குறையும் இருக்கும். பாட்டின் வடிவம், எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கும், அது அனுகூலம். சுரமும் ஹார்மனியும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முறை) கைப்பழக்கத்தில் இல்லாதது குறை. ஆகவே கீபோர்டு பழகியே தீர வேண்டும். கச்சேரி செய்யும் அளவுக்குத் தேவையில்லை. நாலு கார்டை (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் சுரங்கள்) பிடித்துக்கொண்டு மேலே ஒரு மெட்டை வாசிக்கத் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று திகைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த உங்கள் குரூவ் ஒன்றை, அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் தாள அமைப்பு ஒன்றை எடுங்கள். பேஸ் டிரம் விழும் இடங்களை மட்டும் தனியாக எழுதி, அந்த இடங்களுக்குச் சுரம் கொடுங்கள். பேஸ் கிடாருக்கான வரி கிடைத்துவிடும். ஸ்னேரில் ஓங்கி விழும் அடிகளை விட்டுவிட்டு, நடுவில் இடது கை மெல்லத் தட்டும் சின்ன அடிகளைப் பாருங்கள். அந்தத் தாளத்தில் கீபோர்டு அசையட்டும். இப்போது மெட்டுக்கு மிச்சமிருப்பது அடிகளுக்கு இடையே உள்ள காலியிடம்தான், அங்கே பாடுங்கள். டிரம்மர்கள் எழுதும் முதல் பாட்டுகளில் பெரும்பாலும் காலியிடமே இருக்காது, எல்லா பாரிலும் எல்லோரும் எதையாவது அடித்துக்கொண்டிருப்பார்கள். எழுதி முடித்ததும் டிரம்ஸ் பகுதியை முழுக்க நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். அப்போதும் பாட்டு பாட்டாக இருந்தால் சரி.

டிரம்ஸை மட்டுமே வைத்து இசையமைக்கவும் முடியும். 2014-ல் வந்த 'பேர்ட்மேன்' படத்துக்கு அந்தோனியோ சான்செஸ் கொடுத்த இசையில் பெரும்பகுதி தனி டிரம்ஸ்தான். இயக்குநர் காட்சியை விவரிக்க, இவர் அங்கேயே கற்பனையாக வாசித்துப் பதிவுசெய்து தந்தார். நம் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தாளம் மட்டுமே கதை சொல்லும் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது பெயரும் உரிமையும். இதை இளைஞர்கள் காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

1969 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்ற டிரம்மர் ஒரு பாட்டுக்கு வாசித்தார். 'ஃபங்கி டிரம்மர்' என்று பெயர். அதில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் சில பார் ஓடும். பிற்பாடு ஹிப்-ஹாப் வந்தபோது அந்தச் சில பாரை வெட்டியெடுத்து எண்ணற்ற பாட்டுகளில் ஓடவிட்டார்கள். உலகத்தில் அதிகமாக எடுத்தாளப்பட்ட டிரம்ஸ் துண்டுகளில் அது ஒன்று. ஆனால் பாட்டை எழுதியவராகப் பதிவில் இருந்தது ஜேம்ஸ் பிரவுனின் பெயர். அப்படி எடுத்தாண்டதற்கு ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி (உரிமைத்தொகை) வரவில்லை. பிற்காலத்தில் அவர் நோயுற்றபோது சிகிச்சைச் செலவுக்குப் பாடகர் பிரின்ஸ் பணம் கொடுத்து உதவினார். அதே 1969-ல் 'ஏமென், பிரதர்' என்ற பாட்டில் கிரெகரி கோல்மன் நாலு பார் வாசித்தார். ஏறக்குறைய ஏழு விநாடிதான். ஒரு இசை வகையே அதன்மேல் எழும்பியது. அவருக்கும் அதிலிருந்து ஒரு காசு வரவில்லை.

ஏன் இப்படி? பல நாடுகளிலும் நடைமுறையில் பாட்டு என்றால் மெட்டும் வரிகளும்தான். தாளத்தை மட்டும் உருவாக்கியவரை இசையமைப்பாளராக ஏற்றுக்கொள்வது அபூர்வம். 1959-ல் டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழு பதிவுசெய்த 'டேக் ஃபைவ்' இதற்கு நல்ல உதாரணம். ஐந்து எண்ணிக்கைத் தாளம் குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோ வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு மெட்டு எழுதியவர் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். இசையமைப்பாளராக இருப்பது டெஸ்மண்டின் பெயர், ராயல்டியை அவர் தன் உயிலில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மெட்டு எழுதியவர் டெஸ்மண்ட்தான். எதை எழுதினால் பெயர் வரும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே குழுவாகச் சேர்ந்து ஒரு பாட்டை உருவாக்கினால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள், நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அதைச் சுலபமாக எழுத முடியும். அடுத்தவர் பாட்டுக்குக் கூலிக்கு வாசித்தாலும், வாசித்த கலைஞர் என்ற முறையில் தனியாக ஒரு உரிமை இருக்கிறது. 1961-ன் ரோம் உடன்படிக்கை அதற்கு அடித்தளம். ஒலிபரப்பிலிருந்து வாசித்தவருக்குப் பங்கு உண்டா, எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தப் பங்கை வசூலித்துத் தரும் உங்கள் நாட்டுச் சங்கத்தில் பதிவு செய்யாவிட்டால் இருக்கிற பங்கும் வராது.

இப்போது கற்பித்தல். எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

மொரெல்லோவையே எடுத்துக்கொள்வோம். அவர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் என்பவரிடம் படித்தார். ஸ்டோன் 1935-ல் வெளியிட்ட பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் வலது, இடது என்ற இரண்டு எழுத்துகளின் வரிசை மாற்றங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் 20 தடவை வாசிக்கச் சொல்கிறார். இன்றைக்கும் டிரம்மர்கள் அதிலிருந்து தப்ப முடியாது. மொரெல்லோ அந்தப் பயிற்சிகளை அப்படியே வாசிக்காமல், நடுநடுவே சில அடிகளுக்கு அழுத்தம் கொடுத்து வாசிக்க ஆரம்பித்தார். ஆசிரியர் அதைத் தடுக்கவில்லை. அதையே வளர்த்தெடுத்து, 1961-ல் இன்னொரு புத்தகமாக எழுதினார். மாணவர் செய்த மாற்றம் ஆசிரியரின் அடுத்த படைப்பாகிவிட்டது. பிற்காலத்தில் மொரெல்லோவும் பெரிய ஆசிரியராக விளங்கினார். கற்பித்தல் வாசிப்பின் நேரத்தைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

நன்றாக வாசிப்பவருக்குத் தானாகச் சொல்லிக்கொடுக்க வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு மாணவர் வருகிறார். பீட் வாசிக்கும்போது சுத்தமாக நிற்கிறது, நான்காவது பாரில் ஃபில் வந்தால் ஓடிவிடுகிறது. "மெதுவாக வாசி" என்று சொல்லிப் பயனில்லை, ஓடுவதே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் உடம்பைப் பாருங்கள். ஃபில்லுக்குச் சற்று முன்பே தோள் ஏறும். மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதுவரை ஹை-ஹாட்டை மிதித்துக்கொண்டிருந்த இடது கால் நின்றுவிடும். கால் நின்றதும் எண்ணிக்கை போயிற்று, அதற்கப்புறம் கை தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. ஆக, கோளாறு கையில் தெரிந்தாலும் திருத்த வேண்டிய இடம் கால். இரண்டாவது, நான்காவது பீட்டில் இடது கால் விடாமல் மிதிக்க, ஃபில்லை வெறும் நாலு அடியாகக் குறைத்து வாசிக்கச் சொல்வேன். அது நின்றதும் வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பாருக்கு ஒரே ஒரு தட்டு என்று குறைப்பேன். அப்புறம் இரண்டு பாருக்கு ஒன்று. நடுவில் உள்ள காலத்தை மாணவரே தாங்க வேண்டும். ஓடினால் அடுத்த தட்டு வரும்போது மாட்டிக்கொள்வார், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. இதைச் சில பேருக்குச் செய்து காட்டிய பிறகு, மேடையில் என் தோள் எப்போது ஏறுகிறது என்று நானே கவனிக்க ஆரம்பித்தேன்.

நல்ல ஆசிரியராக இருக்க வேண்டுமானால் மாணவராக இருப்பதை நிறுத்தக்கூடாது. ரஷ் என்ற ராக் குழுவில் 1974-லிருந்து வாசித்து, உலகம் முழுக்க டிரம்மர்கள் வியந்து பார்த்த நீல் பெர்ட், 1990களின் நடுவில் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய், ஸ்டிக்கைப் பிடிக்கும் விதத்திலிருந்து மறுபடி படித்தார். அந்த இடத்தில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய துணிவு என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றையும் ஒருசேரச் செய்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்பீர்கள். மறைந்த மேக்ஸ் ரோச் ஜாஸ் டிரம்ஸின் தூண்களில் ஒருவர், இசையமைப்பாளர், 1972-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தவர். நமக்கு இன்னும் நெருக்கமானவர் திருச்சி சங்கரன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், மிருதங்க மேதை. 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து அங்கே இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் கற்பித்தார், கேமலான் போன்ற வேற்று நாட்டு வாத்தியக் குழுக்களுக்கும் இசை எழுதினார். அதற்காகக் கச்சேரி மேடையை விட்டுவிடவில்லை, 2011-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். இன்றைய தலைமுறையில் டைஷான் சோரி. டிரம்மர், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 2024-ல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற இசையமைப்பாளர். பரிசு பெற்ற அந்தப் படைப்பு சாக்ஸஃபோனுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக மிக மெதுவான நடையில் எழுதப்பட்டது. டிரம்மர் எழுதினால் தடதடவென்றுதான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? வெளியூர்ப் பயணம் அதிகம் இருக்கும் மாதங்களில் புது மாணவர்களைச் சேர்க்காதீர்கள். வாரம் தவறி வாரம் வகுப்பு ரத்தானால் மாணவரின் கை கெட்டுவிடும், உங்கள் பெயரும் கெடும். இசை எழுதுவதற்குக் காலையில் ஒரு மணி நேரம், போனை அணைத்துவிட்டு. வருமானம் என்று பார்த்தால், நிதானமாக வருவது கற்பித்தல், ஏறி இறங்குவது வாசிப்பு, வருடக்கணக்கில் காத்திருந்தால் வருவது ராயல்டி. அந்த நிதானமான வருமானம் இருந்தால்தான் பிடிக்காத வேலைக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது.

பட்டம் பற்றி. மேடையிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ முழுநேர வேலை வேண்டும் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். கல்லூரியின் உண்மையான லாபம் வேறு: நொட்டேஷன், ஹார்மனி, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதும் முறை, கூடவே நீங்கள் எழுதியதை உடனே வாசித்துக் காட்ட நாலு பேர். இந்த நான்கையும் வெளியில் திரட்டிக்கொள்ள முடியும் என்றால் பட்டத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. இப்போது உங்களுக்கு நல்ல வாய்ப்புகள் வந்துகொண்டிருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் ஒரு ஹார்மனி ஆசிரியரிடம் வாரம் ஒரு வகுப்பு போதும் என்பேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். சின்ன அறையில் இரண்டு செட்டைப் போட்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு மேடையைவிட அங்கேதான் ஆபத்து அதிகம். ஏனென்றால் மாணவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார், நீங்கள் அடுத்தவருக்காக அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். கைப் பயிற்சிகளை ரப்பர் பேடில் நடத்துங்கள். பஞ்சை அடைத்துக்கொண்டால் மேல் ஸ்தாயி மட்டும் மங்கி சிம்பல் சரியாகக் கேட்காது, அதனால் இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பை வாங்குங்கள். முதல் மாணவரைச் சேர்ப்பதற்கு முன்பு ஒரு தடவை காது பரிசோதனை செய்து, அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.